மூன்று தட்டைக் கற்கள்

வரப்பு யாருக்குச் சொந்தம் என்று அண்ணனும் தம்பியும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, நடுவில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் குமரேசன். சர்வேயர். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் தான் நட்ட எல்லைக்கல்லை இதுவரை யாரும் அசைத்ததில்லை என்பது அவனுடைய பெருமை. அசைத்தவர்கள் இருக்கலாம். அவன் காதுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஊருக்கெல்லாம் நிலம் அளந்து கொடுத்தவனுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. ரமணாசிரமத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தான். மனைவி வினோதினி, மகள் இனியா. மேல்மாடி அறையை வீட்டுக்காரர் வெளிநாட்டுக்காரர்களுக்கென்றே வைத்திருந்தார். அதனால் மாதாமாதம் மாடிப்படியில் ஒரு புது நாட்டுச் செருப்பு கிடக்கும்.

வினோதினிக்குச் சொந்த ஊர் அடி அண்ணாமலை. மலை சுற்றுகிற பாதையிலேயே பிறந்து வளர்ந்தவள். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுவாள். சுற்றும்போது வழியோரம் ஒரு இடம் பார்த்து, கல்மேல் கல்லாக அடுக்கி வைப்பாள். அப்படி அடுக்கினால் சொந்த வீடு அமையும் என்று இங்கே வருகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை. கல்யாணமான புதிதில் குமரேசனும் ஒருமுறை கூடப் போனான். அவள் நாலு கல்லை அடுக்கிவிட்டு, ஐந்தாவதை அவன் கையில் கொடுத்தாள்.

"நீங்களும் ஒண்ணு வையுங்க."

"கல்லு அடுக்கினா வீடு வந்துடும்னா எங்க ஆபீஸை இழுத்து மூடிட வேண்டியதுதான்" என்று சொல்லி, கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான். கூட இருந்த சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். வினோதினியும் சிரித்தாள். அதற்கப்புறம் பதினோரு வருஷமாக அவள் அவனை ஒரு கல்லைத் தொடச் சொன்னதில்லை. இதை அவன் மறந்தே போய்விட்டான். அவள் மறக்கவில்லை.

அந்த வருஷம், இரண்டாயிரத்து ஆறு, தீபத்துக்கு மேல்மாடிக்கு வந்தவள் லீனா. ஃபின்லாந்துக்காரி. ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. தியானம் போக மீதி நேரத்தில் மஞ்சள் கலரில் ஒரு சின்னக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் மெல்ல நடப்பாள். வானத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டைக் கேட்டு, நீ நிற்கிற இடம் இதுதான் என்று எண்ணில் சொல்கிற ஜி.பி.எஸ். கருவி அது. அவள் ஊரில் பழைய காலத்துக் காடு ஒன்று இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பம் குடும்பமாக இந்தக் கருவியோடு அந்தக் காட்டுக்குள் போவார்களாம். யாரோ ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, இடத்தின் எண்ணை இன்டர்நெட்டில் போட்டிருப்பார். மற்றவர்கள் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே இருக்கிற நோட்டில் பெயர் எழுதலாம். ஒரு பொருளை எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு அதே மதிப்புள்ளதையோ அதைவிட நல்லதையோ வைக்க வேண்டும். அதுதான் சட்டம்.

இனியாவுக்கு ஒன்பது வயது. லீனா முதல் நாள் துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒரு சாக்லேட்டை ஒளித்துவைத்துக் கருவியைக் கையில் கொடுத்ததோடு சரி, பிள்ளை மாடியே கதி என்று ஆகிவிட்டது. குமரேசனுக்கும் உள்ளூர ஆசைதான். ஆனால் தொழில் கௌரவம் விடுமா?

"எட்டு மீட்டர் முன்னப் பின்ன காட்டுது இது. நாங்க எட்டு சென்டிமீட்டர் பிசகினா கோர்ட்டுக்கு இழுப்பாங்க" என்றான்.

லீனாவுக்கு இனியா அரைகுறை ஆங்கிலத்தில் அதைச் சொன்னாள். லீனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

தை பிறந்ததும் லீனா ஊருக்குக் கிளம்பினாள். போகும்போது கருவியை இனியாவிடமே கொடுத்துவிட்டாள். கூடவே இறுக மூடுகிற ஒரு பச்சை பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் ஒரு சின்ன நோட்டு, பென்சில், விசில், கலர் கோலிகள், அவள் ஊர் மரத்தில் செதுக்கிய ஒரு வாத்து. மலைக்காட்டுக்குள் எங்காவது வையுங்கள், பிள்ளைகளோடு வருகிற யாராவது கண்டுபிடிக்கட்டும் என்றாள். தோண்டக் கூடாது, செடி கொடியை ஒடிக்கக் கூடாது, அடையாளமும் வைக்கக் கூடாது. தேடுவதுதான் விளையாட்டே.

அந்த ஞாயிற்றுக்கிழமை வினோதினி தங்கை பொன்னியின் கல்யாணப் பேச்சுக்காக அடி அண்ணாமலைக்குப் போயிருந்தாள். அப்பாவும் மகளும் பெட்டியோடு காட்டுக்குக் கிளம்பினார்கள்.

மலையடிவாரத்து உள்பாதை என்பது சாலைக்கும் மலைக்கும் நடுவே மரங்களுக்குள் போகிற ஒற்றையடிப் பாதை. குமரேசன் ஸ்கூல் படிக்கும்போது அந்தச் சரிவெல்லாம் மொட்டையாகக் கிடந்தது. பிறகு யார் யாரோ கன்று நட்டு, தண்ணீர் சுமந்து, தீ அணைத்து, இப்போது நிழலாகிவிட்டது. பாதி வழியில் காட்டுக் காவலர் தருமன் உட்கார்ந்து பீடிக்குப் பதிலாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். காட்டுக்குள் நெருப்பு ஆகாது என்பதால் பீடியை விட்டவர்.

"இன்னா சார் பொட்டி?"

குமரேசன் விளக்கினான். தருமன் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். விசிலை ஒருமுறை ஊதிப் பார்த்துத் துடைத்து உள்ளே வைத்தார்.

"நெருப்புப் பொட்டி, சாப்பிடற பொருளு ரெண்டும் வேணாம். குரங்கு ஜாஸ்தி. மத்தபடி வச்சிக்கோங்க" என்றார்.

இடிந்த மண்டபத்தைத் தாண்டி, இரண்டாகப் பிரிந்து வளர்ந்த ஒரு புங்க மரம். அதற்கு எதிரே இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு பொந்து. பெட்டி அதில் அளவெடுத்தது போல் உட்கார்ந்தது. மேலே ஒரு பலகைக்கல்லைப் போட்டு மூடினான். இனியா எண்ணைக் குறித்துக்கொண்டாள். அதோடு கிளம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நாலு அடி நடந்தவனுக்கு மனசு கேட்கவில்லை. எட்டு மீட்டர் பிசகு என்றால் இந்தக் காட்டில் எத்தனை பாறை. எவனாவது சென்னையிலிருந்து பிள்ளை குட்டியோடு வந்து தேடித் தேடிச் சலித்துப் போனால் யாருக்குக் கெட்ட பேர்? திரும்பிப் போய், தட்டையான மூன்று கற்களைத் தேடி எடுத்தான். பலகைக்கல்லின்மேல் பெரியது, நடுத்தரம் அதற்கு மேல், சின்னது உச்சியில். அசைகிறதா என்று தட்டிப் பார்த்து, அடியில் சின்னக் கல்சில்லு கொடுத்து, மட்டமாக அடுக்கினான்.

"அடையாளம் வைக்கக் கூடாதுன்னு ஆன்ட்டி சொன்னாங்கப்பா."

"ஆன்ட்டி டீச்சர். அப்பா சர்வேயர்."

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு, வழியோரம் மூன்று கல்லை அடுக்கி வைத்தால் பௌர்ணமி கூட்டம் அதை என்ன செய்யும் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அடுக்கு என்றால் அவனுக்கு அடையாளக் கல்தான்.

பத்து நாள் கழித்துத் தைப் பௌர்ணமி. வினோதினியும் பொன்னியும் வழக்கம்போல மலை சுற்றிவிட்டு வந்தார்கள். குமரேசன் வழக்கம்போல வீட்டில் டி.வி. பார்த்தான்.

அடுத்த வாரம், பொன்னியின் கல்யாணத்துக்கு நகைகளை எடுத்து வைக்கும்போதுதான் வினோதினி அந்த பிலிம் ரோல் டப்பாவைத் தேடினாள். கறுப்பு டப்பா. அதற்குள் அவளுடைய சிவப்புக்கல் மூக்குத்தி. வேலைக்குப் போன முதல் வருஷம், கல்யாணத்துக்கு முன்னால், யாரையும் கேட்காமல் அவளே வாங்கியது. திருகு தேய்ந்து போனதால் கழற்றி டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். தங்கை கல்யாணத்தில் அதைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவள் எண்ணம்.

"இனியா, கறுப்பு டப்பாவப் பாத்தியா?"

இனியா பதில் சொல்லாமல் ஷூ லேஸைக் கட்டினாள். வெளியே வந்து, ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவின் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, அது பொட்டியில இருக்கு."

"எந்தப் பொட்டி?"

"நம்ம பொட்டி. நீங்க மூடறதுக்குக் கல்லு தேடறப்ப நான் வாத்த எடுத்துக்கிட்டு அத வச்சேன். நல்ல பொருளா வைக்கணும்ல. அம்மா அது உதவாதுன்னு சொன்னாங்க. ஆனா பாக்க அழகா இருக்கும். அதான்."

குமரேசன் துணியைக் கீழே போட்டான். பிள்ளையைத் திட்டவும் முடியவில்லை. சட்டப்படி பார்த்தால் அவள் செய்தது சரி, வாத்துக்கு மேலேயே கொடுத்திருக்கிறாள். அவளுடைய உதடு நடுங்குவதைப் பார்த்ததும், வீட்டுக்குள் தலையை நீட்டி, வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"வினோ, அந்த டப்பாவ நான்தான் எடுத்துட்டுப் போனேன். திருகு போடக் குடுக்கலாம்னு. ஆபீஸ் டிராயர்ல இருக்கு."

வினோதினி வாசலுக்கே வந்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நீங்களாவா? நான் சொல்லாமயேவா?" என்றாள்.

பொய் சொன்னதைவிட அந்தச் சந்தோஷம்தான் அவனை அதிகமாகக் குத்தியது. அப்படியானால் இத்தனை வருஷத்தில் அவள் சொல்லாமல் தான் செய்தது என்று ஒன்றுமே இல்லையா? இல்லைதான் போலிருக்கிறது. எப்படியும் ஞாயிற்றுக்கிழமை மூக்குத்தியைக் கொண்டுவந்து, நிஜமாகவே திருகு போட்டு, அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கருவியும் கையுமாக இருவரும் உள்பாதையில் நடந்தார்கள். இனியா எண்ணைப் பார்த்துக்கொண்டே முன்னால் போனாள். இன்னும் அறுபது மீட்டர், நாற்பது, இருபது. மண்டபம் வந்தது. புங்க மரம் வந்தது. இனியா நின்றாள். குமரேசனும் நின்றான்.

ஒரு ஊரே முளைத்திருந்தது.

பாறைமேல், பாறைக்குக் கீழ், மரத்தடியில், வேர்களுக்கு நடுவில் எல்லாம் கல் அடுக்குகள். மூன்று அடுக்கு, ஐந்து அடுக்கு, ஏழு அடுக்கு. ஒன்றுக்கு ஓலைத் துண்டில் கூரை போட்டிருந்தார்கள். ஒன்றைச் சுற்றிக் குச்சி நட்டு வேலி. இன்னொன்றின் முன்னால் குங்குமம் வைத்து இரண்டு பூ. இருநூறுக்குக் குறையாது. பொந்து இருந்த இடமும் பலகைக்கல்லும் எங்கே என்றே தெரியவில்லை.

"அப்பா, நம்ம மூணு கல்லு எதுப்பா?"

மூன்று கல் அடுக்கு மட்டும் நாற்பது இருந்தது. கருவி எட்டு மீட்டர் முன்னப் பின்ன என்றது. அவன் மூன்று கல் அடுக்குகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒன்றும் அவன் கையால் வைத்தது போல் இல்லை. சரி, ஒவ்வொன்றாகக் கலைத்துப் பார்த்துவிட வேண்டியதுதான் என்று குனிந்து, ஓலைக் கூரை போட்ட அடுக்கின் உச்சிக் கல்லை எடுத்தான்.

"இது யாரு வீடுப்பா?" என்றாள் இனியா.

கல் கையிலேயே இருந்தது. ஓலையைக் கிழித்து, மடித்து, காற்றில் பறக்காமல் இருக்க இரண்டு பக்கமும் சில்லு வைத்திருந்தார்கள். யாரோ ஒருத்தி உட்கார்ந்து, பின்னால் வருகிற கூட்டத்தையும் பார்க்காமல், பொறுமையாகச் செய்திருக்க வேண்டும். இதற்குப் பட்டா கிடையாது, சர்வே நம்பர் கிடையாது. ஆனாலும் அடுத்தவர் வீட்டைக் கலைப்பதற்கு அவனுக்குக் கை வரவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கீழே போட்ட அந்த ஐந்தாவது கல் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. எடுத்த கல்லை எடுத்த இடத்திலேயே, அதே கோணத்தில் வைத்தான்.

வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, எல்லாவற்றையும் வினோதினியிடம் ஒப்பித்தான். டிராயர் பொய்யையும் சேர்த்து.

அவள் ரசத்தை ஊற்றினாள்.

"திருகு போடக் குடுக்கலன்னு சொல்றீங்க."

"இல்ல."

"நான்தான் லூசு மாதிரி பொன்னிகிட்ட வேற போன் பண்ணிச் சொன்னேன், எங்க வீட்டுக்காரரு சொல்லாமயே செய்யறாருன்னு."

இனியா தட்டைப் பார்த்தபடி அழுதாள். வினோதினி அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். பிள்ளைமேல் அவளுக்குக் கோபம் இல்லை. இருந்த கோபம் முழுக்க ஒரே ஆள்மேல்தான்.

"எந்த இடத்துல வச்சீங்க?" என்றாள் கடைசியில்.

"மண்டபம் தாண்டி. ரெட்டைப் புங்க மரம். அதுக்கு எதுத்தாப்புல ரெண்டு பாறை. மேல மூணு தட்டைக்கல்லு அடுக்கி வச்சேன், அடையாளத்துக்கு."

வினோதினி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பெருசு, நடுத்தரம், சின்னது. அடியில சில்லு குடுத்து?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சாப்பிட்டுக் கிளம்புங்க" என்றாள் அவள்.

வெயில் தாழ்ந்த பிறகு மூவரும் போனார்கள். கருவி இனியாவின் பையிலேயே இருந்தது, யாரும் அதை எடுக்கவில்லை. மூவரும் மண்டபத்திலேயே செருப்பைக் கழற்றினார்கள். வினோதினி அடுக்குகளுக்கு நடுவே ஒன்றின்மேலும் சேலை படாமல் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நேராக ஒரு இடத்துக்குப் போய் நின்றாள். ஏழு அடுக்கு. உச்சியில் மஞ்சள் நிறத்தில் உருண்டையாக ஒரு கூழாங்கல்.

"இது என்னுது" என்றாள்.

குமரேசன் குனிந்து அடியிலிருந்த மூன்று கல்லைப் பார்த்தான்.

"பௌர்ணமி அன்னைக்கு இந்தப் பக்கமா வந்தோம். வேற ஒரு அடுக்குகூட இல்ல, இது ஒண்ணுதான் இருந்துச்சு. யாரோ பாதியில விட்டுட்டுப் போன மாதிரி. தொட்டுப் பாத்தேன், ஆடவே இல்ல. நானும் பதினோரு வருஷமா அடுக்கறேன், எனக்கு இவ்ளோ மட்டமா அஸ்திவாரம் வந்ததே கிடையாது. கட்டினவன் யாரோ நல்லா கட்டியிருக்கான், அவனும் நல்லா இருக்கட்டும், நம்ம வீடும் இதுமேலயே வரட்டும்னு நாலு கல்லும் உச்சியில இந்தக் கூழாங்கல்லும் வச்சேன். நான் வச்சதப் பாத்துட்டுப் பின்னாடி வந்தவங்க ஆளாளுக்கு உக்காந்துட்டாங்க."

"அந்தக் கீழ் மூணு..."

"ஆமா. நீங்கதான்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று இனியா பிற்பாடு சொன்னாள்.

மூக்குத்தி வேண்டுமென்றால் வீட்டைப் பிரிக்க வேண்டும். குமரேசன் கையை நீட்டவில்லை. "வேணாம் வினோ. வேற மூக்குத்தி பாத்துக்கலாம். இது இருக்கட்டும்" என்றான். நெஞ்சாரத்தான் சொன்னான்.

"பேசாம இருங்க" என்று அவளே உட்கார்ந்தாள். கூழாங்கல்லை எடுத்து இனியாவிடம் கொடுத்தாள். ஒவ்வொரு கல்லாக எடுக்க எடுக்க, குமரேசன் சட்டைப் பையிலிருந்த சாக்பீஸால் அதன் அடியில் நம்பர் போட்டு, வரிசையாக வைத்தான். ஏழு, ஆறு, ஐந்து, நாலு. அதற்குக் கீழே இருந்த மூன்றையும் எடுத்து, பலகைக்கல்லை நகர்த்தினார்கள். பச்சைப் பெட்டி ஈரம்கூடப் படாமல் இருந்தது. இனியா கறுப்பு டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டினாள். சத்தம் வந்தது.

வினோதினி மூக்குத்தியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். முந்தானையில் முடிந்துகொண்டாள். இனியா பாவாடைப் பையிலிருந்து வாத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். வைத்த கை பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

"எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, வினோதினி தன் கையிலிருந்து இரண்டு கண்ணாடி வளையலைக் கழற்றிப் பெட்டியில் போட்டாள். "வாத்துக்கு இது சரியாப் போச்சா? உங்க சட்டம் ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும்மா" என்றாள் இனியா. நோட்டில் மூன்று பேர் பெயரையும் தேதியையும் எழுதினாள். பெட்டியை நாலு மீட்டர் தள்ளி வேறொரு பாறையிடுக்கில் வைத்தார்கள். இம்முறை அடையாளம் கிடையாது. எட்டு மீட்டருக்குள் தேடிக்கொள்ளட்டும், அதுதான் விளையாட்டு என்று குமரேசனே சொன்னான்.

பலகைக்கல்லைப் பழையபடி பொந்தின்மேல் போட்டார்கள். வினோதினி பக்கத்தில் கிடந்த பெரிய தட்டைக்கல்லை எடுத்தாள். வைக்கவில்லை. இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

அவன் வாங்கிக்கொண்டான். முழங்காலிட்டு, மண்ணைத் தட்டி, முதல் கல்லை வைத்தான். சில்லு கொடுத்தான். இரண்டாவது, மூன்றாவது. தன் கல் மூன்றும் முடிந்ததும் விலகி உட்கார்ந்தான். அவள் தன் நாலையும் வைத்தாள். இனியா எக்கி நின்று கூழாங்கல்லை உச்சியில் வைத்து, மூச்சுவிடாமல் கையை எடுத்தாள்.

மூவரும் மண்டபம்வரை வந்துவிட்டார்கள். செருப்பை மாட்டும்போது குமரேசன் திரும்பிப் பார்த்தான். ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றான்.

"என்னங்க?"

"வாசல் எந்தப் பக்கம் வச்சிருக்க?"

பதினோரு வருஷம் கல் அடுக்கியவளுக்கு அது தோன்றியதே இல்லை. "கிழக்கு பாத்து இருந்தா நல்லா இருக்கும்" என்றாள் மெல்ல.

குமரேசன் மாட்டிய செருப்பையும் கழற்றிவிட்டுத் திரும்பி நடந்தான். இருநூறு வீடுகளுக்கு நடுவே ஜாக்கிரதையாகக் காலெடுத்து வைத்துப் போய், சூரியன் இறங்குகிற பக்கத்தைப் பார்த்துத் திசையைக் கணக்குப் பண்ணிக்கொண்டான். பிறகு குனிந்து, கூழாங்கல்லையும் மேலிருந்த ஆறு கல்லையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, அடிக்கல்லின் நேரான முகத்தைக் கிழக்கே திருப்பினான்.